கீரைக்காரரிடம் முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

கீரைக்கட்டைக் கையில் எடுத்ததும் "எவ்வளவு?" என்றுதான் கேட்போம். பெங்களூரில் கீரை வாங்குகிறவர்கள் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்க வேண்டும்: இது எந்த ஊரில், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது? இதைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி சமையலறையில், அலசும் பாத்திரத்தில்.

நான் ஸ்ரீராம்புரத்தில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். மல்லேஸ்வரம், ராஜாஜி நகர் பக்கம் தனியாக இருக்கும் பெரியவர்கள், ஆபீஸ் போகும் பிள்ளைகள், எல்லாம் பெரும்பாலும் நம்மவர்கள்தான். கீரை இல்லாத வாரமே கிடையாது. காய்கறியில் ஈயம் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது என்று ஒரு செய்தி வந்தால் போதும், "அக்கா, இனிமே கீரை போடாதீங்க" என்று போன் வரும். மாடி வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள். டாக்டர் கீரை சாப்பிடச் சொல்கிறார், மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

கீரையை நிறுத்தாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். உடம்பில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தால் ஈயத்தையும் காட்மியத்தையும் குடல் இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தசோகை உள்ள பெண் பயந்துபோய்க் கீரையை விட்டால், வேறு வழியில் உள்ளே வரும் ஈயத்துக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. கீரையைச் சாப்பிட வேண்டும். எந்தக் கீரை என்று பார்த்துச் சாப்பிட வேண்டும்.

அலசினால் போவதும் போகாததும்

சந்தைக் கீரையோடு வீட்டுக்கு வரக்கூடிய கெடுதல்கள் மூன்று. ஒன்று மண், கிருமி, புழு முட்டை. இது அலசினால் பெரும்பாலும் போகும், வேகவைத்தால் மீதியும் போகும். இரண்டாவது பூச்சிமருந்து. இலையின் மேலே படிந்தது அலசலில் கணிசமாகக் குறையும். ஆனால் இமிடாக்ளோப்ரிட், அசிஃபேட் போன்ற மருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவிச் சாற்றோடு ஓடுகிற வகை. அவற்றைக் கழுவி எடுக்க முடியாது. மூன்றாவது உலோகம்: ஈயம், காட்மியம், குரோமியம். இவை தண்ணீரிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து வேர் வழியாக இலைக்கும் போகின்றன. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், கொதிக்கிற தண்ணீர் எதில் போட்டாலும் இலைக்குள் சேர்ந்ததை அலசி எடுத்துவிட முடியாது.

ஆகவே உலோகத்துக்கு ஒரே மருந்து, வாங்கும் இடத்திலேயே தவிர்ப்பது. அலசும் முறை தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. தண்ணீரைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் குறைவு.

பச்சிலைக் காய்கறியில் கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது உணவுத் தரங்களுக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் அளவு. இந்தச் சிறிய அளவுக்கு ஏன் இத்தனை கவலை என்றால், குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பத்து, இருபது வருஷத்துக்கு வெளியேறாது. பெங்களூர்க் கடைகளில் 10 வகைக் காய்கறிகளில் 400 மாதிரி எடுத்துச் சோதித்த எம்ப்ரி என்ற அரசுச் சுற்றுச்சூழல் நிறுவனம், பலவற்றில் இந்த உலோகங்கள் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொன்ன செய்தி 2023இல் வந்தது. போன் அழைப்புகள் அதிகமானது அதற்கப்புறம்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

விருஷபாவதி ஆறு பசவனகுடி நந்தி கோயில் பக்கம் பிறக்கிறது. மைசூர் ரோட்டை ஒட்டி, கெங்கேரி வழியாகப் போய், பிடதி அருகே பைரமங்கலா ஏரியில் விழுந்து, அர்க்காவதியில் சேர்ந்து, கடைசியில் சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. வழியெல்லாம் நகரத்தின் சாக்கடையும் பீன்யா பக்கத்துத் தொழிற்பட்டறைக் கழிவும் அதில்தான் இறங்குகின்றன. முலாம் பூசும் பட்டறை, பேட்டரி வேலை, சாயவேலை இங்கேயிருந்துதான் உலோகம் வரும். எங்கள் ஸ்ரீராம்புரம், ஓக்கலிபுரம் ராஜகாலுவேயும் (மழைநீர் போகும் பெருங்கால்வாய்) அந்தப் பக்கம் இறங்குவதுதான்.

கிழக்குப் பக்கம் இன்னொரு வழி. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியதையும், 2017, 2018இல் அதில் தீப்பிடித்ததையும் டிவியில் எல்லோரும் பார்த்தோம். அந்தத் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து தமிழ்நாட்டுக்குள் போகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் மலைமலையாக நுரை வருகிறதே, அது நம் பெங்களூர்க் குளியலறையும் வாஷிங் மெஷினும் அனுப்பியதுதான். அந்த அணைத் தண்ணீர் ஓசூர், சூளகிரி வயல்களுக்குப் பாய்கிறது. ஓசூர்ப் பக்கத்துக் காய்கறி வண்டி ஏறி மறுபடி பெங்களூருக்கு வருகிறது. ஓசூர்க் காய் எல்லாமே அந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. கிணறும் போர்வெல்லும் வைத்து அருமையாக விளைவிக்கிறவர்கள் அங்கே ஏராளம். அதனால்தான் ஊர்ப் பெயரோடு நிற்காமல் தண்ணீரையும் கேட்கச் சொல்கிறேன்.

இதில் விவசாயியைத் திட்டுவது நியாயமே இல்லை. கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் தண்ணீர் கிடைக்காமல் கடனாளி ஆனவர்கள் எத்தனையோ பேர். வருஷம் முழுக்கச் சாக்கடை மட்டும் தவறாமல் ஓடும்போது அவர் என்ன செய்வார்? பைரமங்கலா சுற்றுவட்டாரத்தில் பலர் காய்கறியை விட்டு பேபிகார்ன், மல்பெரி, மாட்டுக்குப் புல் என்று மாறிவிட்டார்கள். தண்ணீரைக் கெடுத்தது நகரம். அந்தத் தண்ணீரில் வேறு வழியில்லாமல் பயிர் செய்கிறவர் அவர்.

சுத்திகரித்த தண்ணீர் என்பது வேறு கதை. 2018இலிருந்து கோரமங்களா சல்லகட்டா பள்ளத்தாக்குத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஏரி நிறைந்தால் நிலத்தடி நீர் ஏறும் என்பது திட்டம். சிக்கபள்ளாபூருக்கு ஹெப்பால் பக்கத்துத் தண்ணீர் போகிறது. இன்னும் ஒரு கட்டம் மேலே சுத்திகரிக்க வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகளே கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்கு நகரத்தில் சாப்பிடுகிற நாமும் குரல் கொடுக்க வேண்டும்.

கடையில் எப்படிக் கேட்பது

கேட்கும்போது குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். கன்னடத்தில் கேட்டால் பதில் ஒழுங்காக வரும்: "யாவ ஊரிந்த பந்திரோது அக்கா? போர் நீரா, மோரி நீரா?" எந்த ஊரிலிருந்து வந்தது, போர் தண்ணீரா சாக்கடைத் தண்ணீரா என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே கேளுங்கள். விற்கிறவருக்கு விளைவிக்கிறவரைத் தெரிந்திருந்தால் ஊர்ப் பெயர் உடனே வரும். மாகடி, நெலமங்கலா, தொட்டபள்ளாபூர், மாலூர் என்று ஊரைச் சொல்லி, தோட்டக்காரர் யார் என்றும் சொல்வார்கள். "மார்க்கெட்டிலிருந்து" என்று மட்டும் பதில் வந்தால் அவருக்கே தெரியாது என்று அர்த்தம். அவரிடம் கீரை வாங்காமல் சுரைக்காயோ பீர்க்கங்காயோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கே.ஆர். மார்க்கெட்டுக்கும் கலாசிப்பாளையத்துக்கும் விடிவதற்கு முன் போனால், கீரையைத் தோட்டத்திலிருந்தே கொண்டுவந்து இறக்குகிறவர்களைப் பார்க்கலாம். விடிந்த பிறகு அதே கட்டு இரண்டு, மூன்று கை மாறிவிடும். அப்புறம் யாரைக் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. எல்லோராலும் அந்த நேரத்துக்குப் போக முடியாது, சரி. தெருவில் "சொப்பூ" என்று கன்னடத்தில் கீரை கூவிக்கொண்டு வரும் அம்மாக்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் அவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். நாலைந்து வாரத்தில் அவரே "இன்னைக்கு இது வேண்டாம்மா, வேற பக்கம் சரக்கு" என்று சொல்ல ஆரம்பிப்பார். எனக்கு வாய்த்த கீரைக்கார அம்மா மாகடிப் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கு எடுக்கிறவர். கோடையில் போர் வற்றிப்போய் வரத்து நின்றால் என்னிடம் நேராகச் சொல்லிவிடுவார். அந்த வாரங்களில் என் சாப்பாட்டில் முருங்கைக்கீரையும் பூசணிக்காயும்தான்.

ஆப்பில் வாங்குகிறவர்கள், பொருளின் பக்கத்தில் விளைந்த ஊர் போட்டிருக்கிறதா பாருங்கள். போடாவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் எழுதிக் கேளுங்கள். பல பேர் கேட்டால் போடுவார்கள். ஹாப்காம்ஸ் கடைகள் விவசாயிகளின் கூட்டுறவில் 1959இல் தொடங்கியவை. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. சாக்கடையில் உரம் இருப்பதால் அதில் வளர்ந்த கீரை கரும்பச்சையாக, அகல இலையாக, பார்க்கவே ஆசையாக இருக்கும். இலையில் ஓட்டை இருந்தால் மருந்தடிக்காதது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. பூச்சி தின்ற பிறகு மருந்தடித்த கீரையிலும் அதே ஓட்டைதான் இருக்கும். நான் வேரைப் பார்ப்பேன். பெங்களூர்ச் சுற்றுவட்டாரம் செம்மண் பூமி. வேரில் காய்ந்த செம்மண் ஒட்டியிருந்தால் ஓரளவு நம்பிக்கை. கறுத்த சேறாக, மூக்கில் வைத்தால் சாக்கடை வீச்சம் அடித்தால் அங்கேயே வைத்துவிடுவேன். இது சோதனை ஆகாது, சந்தேகத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவே. கட்டின் மேலே தண்ணீர் சொட்டச் சொட்டத் தெளித்திருந்தால் அதுவும் வேண்டாம். வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீர் எந்தத் தொட்டியில் மொண்டது என்று யாருக்கும் தெரியாது.

எதை எடுப்பது, எதை விடுவது

உலோகத்தை அதிகம் இழுத்துச் சேர்த்துக்கொள்வது இலைதான். பாலக், தண்டுக்கீரை, முளைக்கீரை இந்த வகையில் வரும். அடுத்தது மண்ணுக்குள் இருக்கும் முள்ளங்கி, கேரட், பீட்ரூட். இவற்றைத் தோல் சீவித்தான் போட வேண்டும். சுரை, புடலை, பீர்க்கு, பூசணி, கத்தரி, வெண்டை போன்ற காய்களில் சேர்வது குறைவு. எனவே தண்ணீர் தெரியாத கடையில் காய், தண்ணீர் தெரிந்த கடையில் கீரை. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடைத்தெருவில் குழப்பம் இல்லை.

பொன்னாங்கண்ணி, வல்லாரை இரண்டையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் ஞாபகசக்திக்கும் நல்லது என்று தேடித் தேடி வாங்குகிறோம். இரண்டுமே ஈரத்தில், ஏரிக்கரையில், கால்வாய் ஓரத்தில் தானாக மண்டுகிற செடிகள். பெங்களூரில் ஏரிக்கரை என்றால் பெரும்பாலும் என்ன தண்ணீர் என்று நமக்குத் தெரியும். யாரோ பறித்துக் கட்டி விற்கிற வல்லாரையை நான் தொடுவதே இல்லை. இரண்டையும் தொட்டியில் வளர்ப்பது சுலபம். ஒரு தண்டைக் கிள்ளி நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

முருங்கைக்கீரை இந்த நகரத்தில் நமக்குக் கிடைத்த வரம். காம்பவுண்டுக்குள் நிற்கிற மரத்துக்கு யாரும் சாக்கடை பாய்ச்சுவதில்லை, மருந்தும் பெரும்பாலும் அடிப்பதில்லை. பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். கம்பளிப்பூச்சி காலத்தில் மட்டும் கிளையை உதறிப் பார்த்து எடுக்க வேண்டும். அகத்தியும் மரக்கீரைதான், கிடைத்தால் விடாதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் வரும். மாகடிப் பக்கத்து அவரைக்குப் பனிக்காலத்தில் ஒரு வாசம் உண்டே, அது மற்ற மாதத்தில் வராது. தோலை உரித்து, ஊறவைத்துப் பிதுக்கிப் பிதுக்கம்பருப்பாக்கிக் குழம்பு வைத்தால் கீரை இல்லாத குறையே தெரியாது. மேலே பட்ட மருந்தும் தூசியும் காயின் தோலோடு போய்விடும். பருவத்தில் வருவதை வாங்கினால் மருந்துச் செலவு குறைவாக விளைந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் கையைக் கடிக்காது. ஒரே கீரையை நாள் தவறாமல் வாங்குவதையும் தவிருங்கள். மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் எந்த ஒரு கீரையின் கெடுதலும் உடம்பில் அதிகம் குவியாது.

அலசும் முறை

கட்டை அவிழ்க்காமல் குழாயில் காட்டுவதை அலசல் என்று சொல்ல முடியாது. முதலில் கட்டை அவிழ்த்து, வேர்ப்பகுதியை இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி எறியுங்கள். சேறு குடியிருப்பது அங்கேதான். பழுத்த இலை, அழுகிய இலையைக் கிள்ளி எடுங்கள். நறுக்குவது எப்போதும் அலசிய பிறகு. முன்னாலேயே நறுக்கினால் வெட்டுவாய் வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும், சத்தும் வெளியே போகும்.

அகலமான, ஆழமான பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அண்டா வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் போதும். கீரை மிதக்கும் அளவு தண்ணீர் விட்டு, கையை அடிவரை விட்டு நாலு முறை கலக்கிவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் விடுங்கள். மண் அடியில் இறங்கும். இப்போதுதான் முக்கியமான விஷயம்: கீரையைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்தில் போடுங்கள். கீரையோடு சேர்த்துத் தண்ணீரைச் சல்லடையில் கவிழ்த்தால் அடியில் இறங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். அள்ளி எடுத்த பிறகு டப்பின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று தட்டினால் இன்னொரு அலசல். வழவழவென்று சுத்தமாக இருக்கும்வரை செய்யுங்கள். பாலக்கின் காம்பு சேரும் குழியில் மண் ஒளிந்துகொள்ளும், அங்கே கட்டைவிரலால் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் உப்புத் தண்ணீர். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு தாராளமாகப் போட்டுக் கரைத்து, கீரையைப் பத்து நிமிஷம் ஊற விடுங்கள். புழு, பூச்சி மேலே வரும், இலைமேல் படிந்த மருந்தும் குறையும். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு அலசல். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதையும் காய்கறியில் காட்டாதீர்கள். இலையும் காயும் அதை உறிஞ்சும்.

தண்ணீர் செலவாகிறதே என்று கேட்பீர்கள். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வீட்டில் நானும் இருக்கிறேன். 2024 மார்ச்சில் காரைக் காவிரி நீரில் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று போட்ட காலத்தையும் இந்த அண்டாவோடுதான் கடந்தோம். ஒரு கட்டின் கடைசி அலசல் தண்ணீரை அடுத்த கட்டின் முதல் அலசலுக்கு வையுங்கள். கலங்கிய முதல் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றுங்கள். கீரைத் தொட்டிக்கு வேண்டாம்.

வெண்டை, மிளகாய், குடைமிளகாய், திராட்சை, ஆப்பிள் இவற்றுக்கு ஆப்பசோடா நல்லது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிஷம் ஊறவைத்ததும் மேலே பூசியிருந்த இரண்டு மருந்துகளும் போய்விட்டன. தோலைத் தாண்டி உள்ளே போனது போகவில்லை. 10 கிராம் என்றால் இரண்டு டீஸ்பூன். சோடா இல்லாவிட்டால் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே நல்ல பலன் உண்டு. தேய்ப்புதான் அங்கே வேலை செய்கிறது.

காலிஃபிளவரைச் சின்னச் சின்னப் பூவாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட சுடுநீரில் போட்டு வடியுங்கள். கறிவேப்பிலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தியக் கறிவேப்பிலையில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய ஒன்றியம் தனியாகக் கூடுதல் சோதனை வைத்த அளவுக்கு அதில் மருந்தடிப்பு உண்டு. வீட்டு மரத்து இலை கிடைத்தால் அதுவே போதும்.

பச்சையாகத் தின்பதற்கு வேறு கணக்கு

கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, முட்டைக்கோஸ் சாலட் இவற்றில் உலோகத்தைவிட உடனடி ஆபத்து புழு முட்டை. நாடாப்புழு முட்டை மனிதக் கழிவு கலந்த தண்ணீர் வழியாக இலையில் ஒட்டி வரும். அது வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பு வரலாம். நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. கொத்தமல்லித் துவையலை வதக்கி அரையுங்கள். ரசத்தில் தூவுவதைக் கொதிக்கும்போதே போட்டு மூடிவிடுங்கள். பச்சையாகத்தான் வேண்டும் என்றால் காம்பைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்து, கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். டேங்கர் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம். மாசமாக இருக்கிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நான் பச்சை இலை எதையும் கட்டித் தருவதில்லை.

ஆர்கானிக் என்று எழுதியிருந்தால் ஜெய்விக் பாரத் என்ற அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து தரும் பி.ஜி.எஸ். சான்றில் கிரீன் என்று இருந்தால், அந்த நிலம் இன்னும் இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரசாயன மருந்தும் உரமும் போடாததற்குத்தான் அந்தச் சான்று. தண்ணீரை அங்கேயும் கேளுங்கள்.

தொட்டியில் கொஞ்சம்

நாலு தொட்டி வைக்க இடமிருந்தால் சிறு குழந்தையின் கீரைத் தேவையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா சுகுணா என்ற கீரை ரகம் பெங்களூர்க் குளிருக்கும் வெயிலுக்கும் நன்றாக வரும். சுமார் 25 நாளில் முதல் அறுவடை, அப்புறம் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பாலக்குக்கு அர்கா அனுபமா. அரையடி ஆழமுள்ள தொட்டி போதும். ரோட்டோரத்து மண்ணை மட்டும் எடுக்காதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றதே 2000இல்தான். அதுவரை புகையோடு மண்ணில் இறங்கிய ஈயம் மக்கிப் போகாது. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் வீட்டு எருவும் கலந்துகொள்ளுங்கள். பச்சைத் தொட்டியில் போடும் ஈரக் குப்பையை வீட்டிலேயே மக்க வைத்தால் எருவுக்குக் காசு வேண்டாம்.

நம் சிங்க் வழியாகப் போவதையும் கவனியுங்கள். பென்சில் செல், பெயின்ட் கழுவிய தின்னர், காலாவதி மருந்து எதையும் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் செல்லைச் சேருங்கள். சலவைத்தூளைப் பாதியாகக் குறையுங்கள். துணி வெளுக்கிறது, நுரை குறைகிறது. தெருவில் ஏதாவது பட்டறை ராஜகாலுவேயில் நிறம் நிறமாகத் தண்ணீர் விடுவதைப் பார்த்தால், போட்டோவோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். அந்தத் தண்ணீர் பிடதிக்கும் ஓசூருக்கும் போய்ச் சேர்கிறது.

புகார் செய்வது

சந்தேகமான பொருளைச் சோதிக்க வைக்கும் உரிமை வாங்குகிற யாருக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவு அதைத் தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும், அது முக்கியம். அப்புறம் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். பொருள் தரத்துக்குக் கீழே என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பாக்கெட் பொருள் என்றால் 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு 1800112100க்கு அழைக்கலாம்.

இந்தச் சட்டம் விவசாயியையும் வயலையும் தொடாது. 18ஆம் பிரிவு அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, அது சரிதான். வயலுக்குப் பாயும் தண்ணீர் கெட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநகராட்சியும் குடிநீர் வாரியமும். அபார்ட்மென்ட் சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். தனி ஆள் மனுவைவிட அதற்குப் பதில் சீக்கிரம் வரும். மனுவில் கீரை வாங்கிய கடை, தேதி, விளைந்த ஊர், பாசனத் தண்ணீர் எது என்று கீரைக்காரர் சொன்னது, நாலையும் எழுதிவிடுங்கள். கீரைக்கார அம்மாவின் பெயர் மட்டும் அதில் வேண்டாம்.